கூட்டலில் 'மைனஸும் மைனஸும் ப்ளஸ்' வராது

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் (−7) + (−5) = 12 என்று போடுகிறாள், கேட்டால் "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்தானே" என்கிறாள், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். இதே விடையை நிறைய நோட்டுகளில் பார்க்கிறேன். அவள் சொல்வது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள விதி. (−7) × (−5) = 35, சரி. சொல்ல எளிதாக இருப்பதால் மனதில் ஒட்டிக்கொண்டு கூட்டலிலும் நுழைந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய இன்னொரு விதியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கடனாகக் கேளுங்கள். மளிகைக் கடையில் 7 ரூபாய் பாக்கி, பால்காரருக்கு 5 ரூபாய் பாக்கி, மொத்தம் எவ்வளவு? 12 ரூபாய் கடன், அதாவது −12. இரண்டு கடன் சேர்ந்து கையில் காசாகாது என்பது அவளுக்கே தெரியும். பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தம் என்ற நூலிலும் இப்படித்தான் இருக்கிறது: இரண்டு செல்வம் சேர்ந்தால் செல்வம், இரண்டு கடன் சேர்ந்தால் கடன், செல்வமும் கடனும் சேர்ந்தால் அவற்றின் வித்தியாசம், இரண்டும் சமமானால் பூச்சியம்.

குறிகள் வேறாக இருக்கும்போதுதான் நிதானம் தேவை. "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி, பெரிய எண்ணின் குறியைப் போடு" என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். 23 + (−40) என்ற கணக்கில் எது பெரியது? −40-ஐ விட 23 பெரியது என்று போன வாரம்தான் எண்கோட்டில் படித்திருப்பாள். குழம்பத்தான் செய்வாள். குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் எது பெரியது என்று கேட்க வேண்டும். அதைவிட, −40-ஐ −23, −17 என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். 23-ம் −23-ம் சேர்ந்து பூச்சியம். மிச்சம் −17. ஏன் கழிக்கிறோம், ஏன் மைனஸ் வருகிறது, இரண்டுக்கும் அந்த ஒரு வரியிலேயே பதில் இருக்கிறது. எனக்கு இந்த முறைதான் ரொம்பப் பிடிக்கும்.

நீளமான கணக்கு வந்தால், உதாரணமாக −6 + 9 − 4 + 11 − 15, மிகை எண்களைத் தனியாகக் கூட்டினால் 20, குறை எண்களைத் தனியாகக் கூட்டினால் −25, விடை −5.

அப்புறம், கழித்தலில் (−7) − (−5) என்று வரும். அங்கே 5 ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்கிறோம், அதனால் −7 + 5 ஆகி விடை −2. இங்கேயும் இரண்டு மைனஸ் பக்கத்தில் வருவதால் பழைய குழப்பம் திரும்ப வரும். கூட்டலில் கை நன்றாகப் பழகிய பிறகு, சில நாள் விட்டு இதை ஆரம்பியுங்கள். அதுவரை தினமும் நாலைந்து கணக்கு போதும். ஒவ்வொன்றிலும் எண்ணைப் போடுவதற்கு முன்னால் விடை கடனா, கையிருப்பா என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள்.