டோரோதியாவின் எழுநூறு பவுன்

அன்புள்ள அக்கா,

மலேசியாவின் பீடோங்கில் நாங்கள் சில ஆசிரியர்கள் மாதம் ஒரு நாவல் படித்துப் பேசுகிறோம். இந்த மாதம், ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் ஓர் ஆங்கிலப் பெண்மணி எழுதிய 'மிடில்மார்ச்'. ஏழைகளுக்கு நல்ல வீடு கட்டித்தர வரைபடம் போட்டுக்கொண்டிருந்த டோரோதியா, கடைசியில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மனைவியாக அடங்கிப்போவது எனக்கு ஆறவே இல்லை. மூத்த ஆசிரியர் ஒருவர், "அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அவ்வளவுதான் வழி, எழுதியவர் உள்ளதை எழுதினார்" என்று பேச்சை முடித்துவிட்டார். உண்மையிலேயே அவ்வளவுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

இது 1873லேயே நடந்த சண்டை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு லண்டன் இதழில் இதே நாவலை இடித்து எழுதினார். இப்படிப்பட்ட பெண்ணுக்குக் கல்யாணத்தை விட்டால் வேறு போக்கிடமே எழுத்தாளருக்குத் தோன்றவில்லையா, அவருக்கு உறவுமுறையான ஒருத்தியே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறாளே என்று கேட்டார். அவர் மனதில் வைத்துச் சொன்னது ஆக்டேவியா ஹில்லை. லண்டன் மேரிலெபோனில் எழுத்தாளர் ரஸ்கின் பணம் போட்டு வாங்கிய மூன்று பாழடைந்த வீடுகளை 1865இல் ஏற்று, பழுது பார்த்து, வாராவாரம் வாடகை வசூலித்து, பணம் போட்டவருக்கு ஆண்டுக்கு 5 சதவீதமும் கொடுத்தவர் அவர். அவருடைய அக்கா, எலியட்டோடு வாழ்ந்த லூயிஸின் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவர். டோரோதியா காகிதத்தில் போட்ட வீட்டைத் தரையில் நடத்திக்காட்டிய ஆள், எழுத்தாளரின் குடும்பத்துக்குள்ளேயே இருந்தார்.

நாவலின் கதை 1830ஐ ஒட்டி நடக்கிறது, ஹில் பிறகு வந்தவர் என்று உங்கள் மூத்த ஆசிரியர் சொல்லலாம். சரி, 1828ஐயே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு லண்டன் வானியல் சங்கம் கரோலின் ஹெர்ஷலுக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தவர். ஆனால் எனக்குப் பதக்கத்தைவிட 1787தான் முக்கியம். வானியலாளரான அண்ணனுக்கு உதவியாளராக அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் போட்டார். தன் இஷ்டத்துக்குச் செலவழிக்கலாம் என்று வாழ்க்கையிலேயே முதன்முதலாக நினைத்த பணம் அதுதான் என்று பின்னாளில் எழுதிவைத்தார்.

நாவல்களில் நான் தேடிச் சலித்தது இந்த ஒரு வரியைத்தான். டோரோதியாவுக்குச் சொந்தத்தில் ஆண்டுக்கு 700 பவுன் வருமானம். பிறந்த வீட்டுச் சொத்து, அவள் சம்பாதித்ததல்ல. அவளைப் படைத்தவரோ 'ரொமோலா' என்ற ஒரே நாவலுக்கு 7,000 பவுன் வாங்கியவர். தான் வாங்கிய கூலியில் கால் பங்கைக்கூடத் தன் நாயகிக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. லட்சியம் என்றால் ஆத்மாவின் தாகம், சம்பளம் கேட்பது கொஞ்சம் மட்டமான விஷயம் என்ற எண்ணம் பெரிய எழுத்தாளர்களையும் விடவில்லை.

நம் வேதநாயகம் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே. 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ராஜாவாகிறாள், நன்றாகவும் ஆள்கிறாள், அப்புறம் சிம்மாசனத்தை விட்டுவிட்டுக் குடும்பத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ராணியாக வேண்டாம், ஞானாம்பாளை ஒரு டாக்டராக்கியிருக்கலாம்!

உங்கள் ஆசிரியரை முழுக்கத் தள்ளவும் முடியாது. வழி குறுகல்தான். எலிசபெத் காரெட் 1865இல் லண்டன் மருந்தாளர் சங்கத்தின் விதியில் இருந்த ஓட்டையில் புகுந்து மருத்துவரானார். உடனே விதியைத் திருத்தி அடுத்த பெண்ணுக்குக் கதவைச் சாத்தினார்கள். இந்தக் கதவுச் சண்டையை நாவல் எழுதியிருக்கலாமே என்பதுதான் என் குறை.

நம் பக்கமே பாருங்கள். 1920களின் கடைசியில் மலாயாவில் ரப்பர் தோட்டக் கூலிக்கு அரசாங்கம் வகுத்த நாள் சம்பளம், போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. மரத்துக்கு ஆண் பெண் தெரியுமா என்ன? என் பாட்டி நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனவர். கூட்டுச் சீட்டுப் பணம் விழுந்ததும் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தையல் மிஷின் எடுத்துவிட்டார். தீபாவளி மாதத்தில் லயத்து வாசல்வரை ஜாக்கெட் துணி கிடக்கும், ஒவ்வொன்றிலும் அளவு ஜாக்கெட் குத்தியிருக்கும். கடன் சொன்னவர்கள் கணக்கு கதவின் உள்பக்கம், துணிக்குக் குறி போடும் சாக்குக்கட்டியில் எழுதியிருக்கும். அழிக்கிற உரிமை அவருக்கு மட்டும்தான். நம் தோட்டக் கதைகளில் இந்தப் பாட்டி அழுவார், கஷ்டப்படுவார், தியாகம் செய்வார். கடன் வசூலிக்க மாட்டார்.

ராசம்மா பூபாலனை எடுத்துக்கொள்ளுங்கள். 1943இல் பதினாறு வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் பெண்கள் படையில் சேர்ந்தவர் என்று மேடைதோறும் சொல்கிறோம். 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் கண்டு, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடியவரும் அவரேதான். அதை மேடையில் கேட்டது அபூர்வம். துப்பாக்கி கதைக்கு உதவும், சம்பளச் சீட்டு உதவாது என்று நினைக்கிறோம் போல. உங்கள் குழுவில் இருக்கும் ஆசிரியைகள் இன்று வாங்குவது அந்தச் சம்பளம்தான். மூத்த ஆசிரியரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், டோரோதியாவை அப்புறம் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா