ஞாயிற்றுக்கிழமைக் கறி இனி எனக்கு இல்லையா?

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வீட்டிலிருந்து இந்த முறை நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் கறிதான் பேச்சு. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். அதே பயத்தில் இருக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

கேள்வி: மேடம், எனக்கு 38 வயது. திண்டுக்கல் பக்கம். ஐந்து மாதத்துக்கு முன், இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தேன், இப்போது 86. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் மட்டன் குழம்பு. ஆசைக்கு இரண்டே துண்டு சாப்பிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அடைத்துக்கொண்டது. வாய் நிறைய எச்சில். "தண்ணி குடிடி, இறங்கிடும்" என்று அம்மா சொம்பை நீட்டினார்கள். குடித்ததும் நுரை நுரையாக வெளியே வந்துவிட்டது. அன்றிலிருந்து கறி, மீன், முட்டை எதைத் தொடவும் பயம். காலையும் ராத்திரியும் இரண்டிரண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் தயிர்சாதம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. ஆயுசு முழுக்க இப்படித்தானா?

பதில்: இல்லை தங்கச்சி. நீங்கள் கறி சாப்பிடலாம். ஆனால் பழைய மாதிரி சாப்பிட முடியாது.

என் சின்ன அண்ணனுக்கும் இதே ஆபரேஷன்தான். மூன்றாவது மாதம் ஒரு நாள், ஃபிரிட்ஜில் இருந்த முதல்நாள் கோழி நெஞ்சுக்கறியைச் சுடவைத்து, நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிட்டது. சமையலறை ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்துவிட்டார். மடியில் எவர்சில்வர் கிண்ணம், அதற்குள் எச்சில் பாகு மாதிரி நூல் நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம். உணவியல் படித்து அதிலேயே வேலை பார்க்கிற நானே அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் நீட்டினேன். உங்கள் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கைக்கு முதலில் வருவது தண்ணீர்தான். ஆனால் அடைத்திருக்கும்போது தண்ணீர் போவதற்கு வழி கிடையாது. மேலே தேங்கி, வலியைக் கூட்டி, வந்த வழியே திரும்பிவிடும். சோடாவும் கூடாது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்காருங்கள் அல்லது மெதுவாக நடங்கள். எச்சிலை விழுங்காமல் துப்பிவிடுங்கள். பெரும்பாலும் தானாகவே இறங்கும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடும். அன்றைக்கு மிச்சப் பொழுதுக்கு நீர் ஆகாரம் மட்டும் போதும்.

ஏன் அடைத்தது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். முன்பு உங்கள் இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை. அதில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்தாகிவிட்டது. இப்போது இருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய், 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். விரிந்து கொடுக்கிற பகுதியும் போய்விட்டது, அமிலம் சுரக்கிற இடத்தில் பெரும்பகுதியும் போய்விட்டது. முன்பு அரைகுறையாக மென்று விழுங்கிய கறியை இரைப்பை பிசைந்து, அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்தது. அந்த வேலையை இனி உங்கள் பல்லும் உங்கள் வீட்டு அடுப்பும்தான் செய்ய வேண்டும். இட்லி வாயிலேயே கரைந்துவிடும். கறியின் நார் கரையாது. பாதி மென்ற துண்டு குழாயின் வளைவில் குறுக்கே நின்றுவிடும், அல்லது அதற்கு மேலே உணவுக்குழாயின் அடியிலேயே நின்றுவிடும்.

ஆகவே கறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது காய்ந்திருக்கிறதா, துண்டு பெரிதா, அவசரமாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும்தான் அடைக்கும்.

முட்டையில் தொடங்குங்கள். குழைவான பொடிமாஸ், அல்லது முட்டையைக் குழம்பில் உடைத்து ஊற்றி வேகவைத்தது. அவித்த முட்டையின் மஞ்சள் கருகூட வறண்டு நெஞ்சில் நிற்கும், அதைக் குழம்பில் நனைத்துத்தான் சாப்பிட வேண்டும். அடுத்தது மீன். பிள்ளை பெற்றவளுக்கு நம் ஊரில் எதைக் கொடுக்கிறோம்? கிழங்கான் குழம்பும் சுறாப்புட்டும். இரண்டும் மெத்தென்று உதிரும். சுறாப்புட்டில் மிளகாயைக் குறைத்து, வெங்காயத்தை நன்றாக வதக்கி, ஈரப்பதத்தோடு இறக்குங்கள். வஞ்சிர வறுவல் வேண்டாம், அந்தச் சதை இறுக்கம். உங்கள் ஊரில் அணைமீன்தான் கிடைக்கும் என்றால் முள்ளைக் கையால் தடவித் தடவி எடுத்துவிட்டு மசித்துக்கொள்ளுங்கள்.

மீன் ஒரு வாரம் சிரமமில்லாமல் இறங்கினால் கோழிக்குப் போகலாம். நெஞ்சுக்கறி வாங்காதீர்கள். அதில் கொழுப்பு குறைவு என்று எல்லோரும் அதையே சொல்வார்கள், ஆனால் வெந்ததும் பஞ்சுபோல வறண்டு, தொண்டைக்குக் கீழே நிற்பதும் அதுதான். தொடைக்கறி ஈரம் காக்கும். தோலை நீக்கிவிட்டுக் குழம்பில் வேகவைத்து, நார்போக்குக்குக் குறுக்கே பொடியாக நறுக்குங்கள். "நாட்டுக்கோழிதான் சத்து" என்று அம்மா சொல்வார்கள். இப்போதைக்கு வேண்டாம். ஓடியாடி வளர்ந்த கோழியின் நார் இறுகியது. ஃபிரிட்ஜில் வைத்துச் சுடவைத்த கறியும் வேண்டாம், ஒவ்வொரு சூட்டிலும் ஈரம் வற்றிக்கொண்டே போகும்.

ஆட்டுக்கறி கடைசியில்தான். அதையும் துண்டாகத் தொடங்காதீர்கள், கொத்துக்கறியாகத் தொடங்குங்கள். கடைக்காரரிடம், "அண்ணே, தொடைக்கறி கால் கிலோ, சவ்வெல்லாம் எடுத்துட்டு மெஷின்ல ரெண்டு தடவை போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். கட்டையில் கொத்திக் கொடுத்தால் நடுநடுவே நரம்பு தங்கிவிடும். சின்ன வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி, கறியைப் போட்டு, ஒரு கரண்டி தயிரும் ஒரு டம்ளர் தண்ணீரும் விட்டுக் குக்கரில் ஆறு விசில். பிறகு தீயைக் குறைத்துப் பத்து நிமிடம். நம் வீட்டுப் பழக்கத்தில் மூடியைத் திறந்ததும் தண்ணீரைச் சுண்ட வைக்கக் கை போகும். சுண்ட வைக்காதீர்கள். கரண்டியில் எடுத்தால் கறியும் குழம்பும் சேர்ந்து வழிய வேண்டும்.

துண்டுக்கறிக்கு வரும்போது ஒரு சோதனை இருக்கிறது. துண்டைக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். சுண்டுவிரலின் பலத்துக்கே அது நார் நாராகப் பிரிந்துவிட்டால் சாப்பிடலாம். இல்லாவிட்டால் திரும்பக் குக்கருக்குப் போகட்டும். ஈரத்தோடு நெடுநேரம் வேகும்போது நாரைக் கட்டியிருக்கும் சவ்வு கரைந்து ஜெலட்டின் ஆகிறது, அதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். ஊறவைக்கும்போது துளி பப்பாளிக்காய் விழுது தடவினால் சீக்கிரம் மெத்தென்றாகும்.

ஒரு வாய் என்பது பட்டாணி அளவு. டீ ஸ்பூனில் சாப்பிடுங்கள். வாயில் போட்டதும் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட வேண்டும், கையில் பிடித்திருந்தால் அடுத்த வாய் தானாகப் போகும். கூழாகும் வரை மெல்லுங்கள். மென்ற பிறகும் நாக்கில் நார் தட்டுப்பட்டால் துப்பிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரைமணி நேரத்துக்குமேல் சாப்பாட்டை இழுக்க வேண்டாம். சாப்பிடும்போது தண்ணீர் இல்லை, முடித்து அரைமணி கழித்துத்தான். நெஞ்சில் லேசாக அழுத்தமோ, விக்கலோ, மூக்கில் நீரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பலருக்கு உடம்பு தருகிற முதல் குறிப்பு அதுதான். தட்டில் இன்னும் ஒரே ஒரு வாய் மிச்சம் இருந்தாலும் வேண்டாம்.

முடி விஷயம். ஆபரேஷன் முடிந்து மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் முடி கொட்டுவது சகஜம், எடை வேகமாக இறங்குவதால் வருவது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஆனால் புரதம் குறைந்தால் கொட்டுவதும் கூடும், நீளும். நீங்கள் எழுதியிருக்கும் இட்லியையும் தயிர்சாதத்தையும் கூட்டிப் பார்த்தேன், நாளுக்கு 20 கிராம் புரதம்கூடத் தேறவில்லை. உங்களுக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, வெந்த மீன் 50 கிராமில் ஏறக்குறைய 11, பனீர் 50 கிராமில் 9, ஒரு டம்ளர் பாலில் 6, டாக்டர் எழுதிக் கொடுத்த புரோட்டீன் பவுடர் ஒரு அளவையில் 20-க்கு மேல். இப்படிக் கட்டிச் சேர்க்க வேண்டும். முதலில் புரதம், பிறகு காய், வயிற்றில் இடமிருந்தால் சோறு. இரும்பு, பி12 மாத்திரைகளை விட்டுவிடவில்லையே? முடிக்கு அதையும் பார்க்க வேண்டும். அடுத்த செக்கப்பில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சிலருக்கு ஒரு வருடம் போன பிறகும் ஆட்டுக்கறித் துண்டு ஒத்துக்கொள்வதில்லை. என் அண்ணனும் இன்றுவரை கொத்துக்கறியோடு சரி. மீனும் முட்டையும் கோழியும் இறங்குகிற உடம்புக்கு அதனால் எந்தச் சத்தும் குறையாது.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு எடைக்குறைப்புக்கான இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் ஆகி ஏழு வாரம். பத்து நாளைக்கு முன்வரை மசித்த சாதம், மீன் எல்லாம் இறங்கியது. இப்போது கஞ்சியும் வாந்தி, நேற்றிலிருந்து தண்ணீரும் நிற்கவில்லை. எந்தக் கறியை எப்படிச் சமைத்துக் கொடுத்தால் தங்கும்?

பதில்: அம்மா, இது சமையலால் தீருகிற விஷயம் இல்லை. இதற்குத் தபாலில் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன், போனிலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பைபாஸில் முட்டை அளவு சின்னப் பையைக் குடலோடு இணைக்கிறார்கள். அந்த இணைப்பின் துவாரம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான். முதல் மூன்று மாதத்துக்குள் சிலருக்குத் தழும்பு இறுகி அது சுருங்கிவிடுவது உண்டு. திட உணவு, பிறகு கூழ், பிறகு தண்ணீர் என்று வரிசையாக இறங்காமல் போவது அதன் அடையாளம். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, பலூன் வைத்து விரிவாக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. இத்தனை நாள் வாந்தி எடுத்தவருக்கு வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும் அபாயம் உண்டு. பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது என்று மூளையையே பாதிக்கும். எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், "எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர், பல நாளாக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 ஊசி போட வேண்டுமா பாருங்கள்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போவது, வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம், இவற்றில் எது வந்தாலும் யாரும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குக் கறி இறங்கவில்லை என்பதால் தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறேன். புரதத்துக்கு அது போதும்தானே?

பதில்: போதாது அம்மா. நீங்கள் விடியற்காலையில் எழுந்து எலும்பை வேகவைக்கிற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் சூப்பில் இறங்குவது பெரும்பாலும் ஜெலட்டின். அதில் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம் இல்லை, அதனால் உடம்பு தசையைக் காப்பாற்ற ஜெலட்டினை மட்டும் நம்ப முடியாது. தெளிந்த சூப்பில் அதன் அளவும் குறைவு. சூப்பை நிறுத்த வேண்டாம். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தச் சூப்பிலேயே கோழித் தொடைக்கறியையோ பாசிப்பருப்பையோ குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்துக் கொடுங்கள். ருசி அதேதான் இருக்கும், சத்து வேறு.

கேள்வி: ஆடியில் குலசாமி கோயிலில் கெடா வெட்டு. என் மகளுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு மாதம், வீட்டில் கொத்துக்கறி சாப்பிடுகிறாள். பந்தியில் உட்கார்ந்தால் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். என்ன செய்வது?

பதில்: ஐயா, அவளை இலையில் உட்காரவிடுங்கள். ஊரோடு உட்காரும் ஆசை அவளுக்கும் இருக்கும். கிளம்பும் முன் வீட்டிலேயே அவளுடைய வழக்கமான உணவை முடித்துவிட்டால் பசி அவசரப்படுத்தாது. அன்று வெட்டிய கறி பெரிய அண்டாவில் அவசரத்தில் வேகும், கடிபடும். துண்டு வேண்டாம். ஈரலும் நேரமானால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி இறுகிவிடும். ரத்தப் பொரியல் இருந்தால் இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொள்ளட்டும், மெத்தென்று உதிரும், இரும்பும் இருக்கிறது. சோறு உள்ளே போய் ஊதும், அதனால் ஒரு கைப்பிடிக்கும் குறைவாகவே போடச் சொல்லுங்கள். பரிமாறுகிறவர் யாரென்று முன்பே தெரிந்தால், "என் மகளுக்குக் குழம்பு மட்டும் ஊற்றுப்பா" என்று நீங்களே காதில் சொல்லிவைத்துவிடுங்கள். பக்கத்து இலையில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவள் இலையில் விழுகிற துண்டை எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.