மலைக்கோட்டைச் சுவரில் கை வைக்கும் முன்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு, பழைய கல்கட்டடங்களைச் செப்பனிடும் மேஸ்திரி ஒருவரின் பதில்கள்.

ராயக்கோட்டை வாசகர்: ஐயா, கோட்டை மதில் ஓரிடத்தில் வயிறு தள்ளி நிற்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து சிமெண்ட் பூசி நிறுத்தலாமா?

கூடாது தம்பி. முதலில், ராயக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி ஒரு கல்லையும் தொட முடியாது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, துறைக்கு எழுதுங்கள்.

காரணத்தையும் சொல்கிறேன். மதில் என்பது பெரும்பாலும் இரண்டு கல்முகங்கள். நடுவில் மண்ணும் சல்லியும். மேலே தளம் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். மண் ஊறிக் கனத்து வெளிமுகத்தைத் தள்ளும். நம் பக்கத்துக் கல் கருங்கல். அதற்குள் ஈரம் எளிதில் போகாது. தண்ணீர் வெளியேற இருக்கும் வழியே கல்லிடுக்குதான். அதைச் சிமெண்டால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். வயிறு இன்னும் தள்ளும்.

ஆகவே வேலை உச்சியில் தொடங்க வேண்டும். சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த தளத்தைச் சரிவாகப் போட்டு, மழைநீர் வெளியேறும் தூம்புகள் அடைபட்டிருந்தால் திறக்க வேண்டும். விரிசல் ஓடுகிறதா என்று அறிய, அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றைச் சாந்தில் பதித்துத் தேதி எழுதுவோம். சில்லு உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். அப்போதுதான் கல்லுக்கு எண் போட்டுப் பிரித்து அடுக்குவதைப் பற்றிப் பேச வேண்டும்.

பாலக்கோடு வாசகர்: சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கலாமா?

பிடுங்காதீர்கள். வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கும்போதெல்லாம் மீண்டும் வெட்டுங்கள். வேர் செத்து மட்கியபின் அந்தப் பொந்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: பாதி சிமெண்ட், பாதி சுண்ணாம்பு?

வேண்டாம். காரணம் மேலே இருக்கிறது.

காவேரிப்பட்டினம் வாசகி: கல்வெட்டில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். மணல் பீய்ச்சி எடுக்கலாமா?

பெயிண்ட்டோடு எழுத்தும் தேயும், அம்மா. கம்பித் தூரிகையும் அமிலமும் அப்படித்தான். தொல்லியல் துறை வேதியியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

பென்னாகரம் வாசகர்: கோட்டைக்குள் சுரங்கம் உண்டா? திப்பு காலத்ததா?

வரலாறு என் துறை இல்லை. பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதி 1792இல் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது என்பது மட்டும் தெரியும். சுரங்கம் தேடிக் குழி தோண்டாதீர்கள், அடித்தளம் தளரும்.

அரூர் வாசகர்: கடுக்காய், வெல்லம் இல்லாத சுண்ணாம்பு நிற்காது என்கிறார் என் மாமா.

ஓசூர் வாசகர்: அரூர்க்காரர் சொல்வது மூடநம்பிக்கை. சுண்ணாம்பும் மணலும் போதும்.

இருவரும் சற்றுப் பொறுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை நம் முன்னோர் சேர்த்தது உண்மை. நல்ல பழக்கம்தான், மூடநம்பிக்கை என்று சொல்லாதீர்கள். ஆனால் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல இறுகிக் கல்லாகிறது. அந்த வேலையைக் கடுக்காய் செய்யாது.

அரூர் வாசகர்: அப்படியானால் மாமா கட்டிய சுவர் ஏன் இன்னும் நிற்கிறது?

உங்கள் மாமா சுண்ணாம்பை நன்றாக நீற்றியிருப்பார், அதாவது சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு முழுக்கக் கரைத்திருப்பார், அதுதான் காரணம். சரியாக நீறாத கட்டி ஒன்று சாந்தில் சேர்ந்தாலும் பின்னாளில் சுவருக்குள் ஈரம் பட்டு உப்பும். பூச்சு பொரிந்து விழும். நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து, தண்ணீர் மூட விட்டு, மாதக்கணக்கில் ஊறவிடுங்கள். கரண்டியில் வெண்ணெய் போல ஒட்ட வேண்டும். மணல் கழுவியதாக இருக்கட்டும். உப்பு மண் ஆகாது.

ஓசூர் வாசகர்: அத்தனை மாதம் யார் காத்திருப்பார்கள்? வெள்ளை சிமெண்ட் போட்டால் ஒரே நாளில் முடியுமே?

வெள்ளையும் சிமெண்ட்தான். மூன்றாவது முறை இதே கேள்வி. இனிச் சிமெண்டுக்குப் பதில் எழுதமாட்டேன். அவசரம் என்றால் இப்போதைக்குச் சுவர் உச்சியைத் தார்ப்பாயால் மூடி மழையைத் தடுங்கள். ஐப்பசியில் சுண்ணாம்பை நீற்றுங்கள், தை பிறந்ததும் பூசுங்கள், பூசிய இடத்தை ஈரச் சாக்கால் போர்த்திவையுங்கள்.