கசடைக் கொதிக்க வைத்தால் தண்ணீர் பிரியுமா?

கேள்வி: ஐயா, நுவரெலியாவில் ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். மணல் பாத்தியில் விடும் கசடு, மழைக்கும் மூடுபனிக்கும் மூன்று வாரமானாலும் கெட்டிப்படுவதில்லை. பயோகேஸும் குறைவு. கசடைச் சூடாக்கினால் தண்ணீர் லேசாகப் பிரியும், கேஸும் கூடும் என்கிறார்கள். பழைய பீப்பாயில் விறகு எரித்துக் கொதிக்க வைக்கலாமா?
— வாசகர், நானுஓயா

பதில்: தம்பி, பீப்பாயை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தச் சூடு வேறு. மூடிய கலத்தில் நீராவியைச் செலுத்தி, சுமார் 165 பாகையில், ஆறு பார் அழுத்தத்தில், அரைமணி நேரம் வைப்பார்கள். அப்புறம் அழுத்தத்தைச் சட்டென்று இறக்குவார்கள். நோர்வேயின் ஹமார் பகுதியில் 1995இல் இப்படியொரு நிலையம் ஓடத் தொடங்கியது. கசட்டில் உள்ள பக்டீரியாக்கள் தம்மைச் சுற்றி வெண்டிக்காய்ச் சாறு போல ஒரு பசையை வைத்திருக்கின்றன. தண்ணீரை விடாமல் பிடித்திருப்பது அதுதான். 165 பாகையில் பசை கரையும், செல் சுவரும் உடையும், உள்ளே இருப்பது கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு இரையாகும். செரித்த பிறகு பிழிந்தால், வழக்கமாக நூற்றுக்கு 20, 25 பங்கு திண்மம் தேறும் இடத்தில் 30ஐத் தாண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு போட்டாலும் அதற்கு மேல் ஏறாது. பருப்பு வேகச் சுணங்குவதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

அரைகுறைச் சூடு என்ன செய்யும் என்பதை நானே பார்த்தேன். கண்டிப் பக்கம் ஒரு சுத்திகரிப்பு நிலைய ஆய்வுகூடத்தில் வேலை செய்தபோது, ஒரு லீற்றர் கசடை 80 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தேன். சூடாக்காத இன்னொரு லீற்றரையும் எடுத்து, இரண்டையும் ஒரே மாதிரியான பருத்தித் துணிகளில் ஊற்றினேன். பச்சைக் கசட்டிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சூடாக்கியது தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் ஒழுகிவிட்டு நின்றுபோனது. துணியைத் திருப்பினேன். மெல்லிய படலம், விரலில் வழுவழுவென்று ஒட்டியது. பாதி கரைந்த பசையும், வெளியே வந்த புரதமும், பொடித்துகளும் துணியின் கண்களை அடைத்துவிட்டன. உங்கள் மணல் பாத்திக்கும் இதுதான் நடக்கும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். உங்கள் கசட்டில் நூற்றுக்கு 2 பங்கு திண்மம் என்று வைப்போம். 1,000 லீற்றரை 16 பாகையிலிருந்து வெறும் 70க்குக் கொண்டுபோகவே 227 மெகாஜூல் வேண்டும். அவ்வளவு கசட்டிலிருந்து வரும் கேஸ் ஐந்து கனமீற்றர் அளவு, எரித்தால் 110 மெகாஜூல் போல. சூடு முழுவதும் 980 லீற்றர் தண்ணீருக்கே போய்விடுகிறது. பெரிய நிலையங்கள் கசடை முதலில் பிழிந்து, 16 முதல் 18 பங்கு திண்மம் வரை கெட்டியாக்கிவிட்டுத்தான் நீராவியைத் தொடுகின்றன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பாத்திக்கு மேல் ஒளி ஊடுருவும் கூரைத் தகடு போடுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மழையைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. கசடை விடுமுன், துகள்களைத் திரளவைக்கும் பொலிமர் என்ற இரசாயனத்தைக் கொஞ்சம் கலந்து பாருங்கள்; அளவை போத்தலில் சோதித்துத் தீர்மானியுங்கள். கேஸ் குறைவதற்குக் குளிர்தான் முதல் காரணம். கேஸ் உண்டாகும் செரிப்புத் தொட்டி 35 பாகையை ஒட்டி இருக்கவேண்டும். சலவைப் பகுதியில் பொயிலர் இருந்தால், வீணாகும் வெந்நீரைத் தொட்டியைச் சுற்றிக் குழாயில் ஓடவிட்டு, வெளியே நன்றாகப் பொதிந்து கட்டுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் சூட்டுக்குச் செலவழிக்கத்தான் வேண்டும். உங்கள் கசடு லீக்ஸ், கரட் பாத்திகளுக்குப் போகிறதா? போனால், கெட்டியாக்கிய கசடை 70 பாகையில் முழுதாக ஒரு மணித்தியாலம் வையுங்கள். நடுவிலும் அந்தச் சூடு ஏறவேண்டும். குடலில் வாழும் வட்டப்புழுவின் முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அந்தச் சூட்டில் சாகும். பாத்தியில் வெறுங்கையோடு கரட் பிடுங்குகிற பெண்களுக்கும், கழுவாமல் கடிக்கிற பிள்ளைகளுக்கும் அதற்குப் பிறகுதான் அந்த எருவைக் கொடுக்கவேண்டும்.