கண்ணி வைத்தது மச்சான், பழியை அம்மா ஏற்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் பினாங்கு நிபோங் தெபால் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வரைக்கும் அப்பா காலத்திலிருந்து காய்கறி போடுகிறோம். மரவள்ளி, வெண்டை, கத்தரி, பயற்றங்காய், கரையோரம் கங்கோங் கீரை. அப்பா 2021இல் தவறிவிட்டார். 71 வயது அம்மாதான் இன்றும் காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றுகிறார். ஆறு மாதமாகக் காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. என் மச்சான் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில் சுருக்குக் கண்ணி செய்து வைத்தார். முதலில் ஒரு பன்றி விழுந்தது. அடுத்த வாரம் ஒரு முள்ளம்பன்றி. சமைத்தோம். கொஞ்சத்தை மச்சான் தன் நண்பருக்கு எண்ணெய்ச் செலவுக்கென்று காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார். அந்த நண்பர் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார். பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை வாக்குமூலம் கொடுக்க என்னையும் மச்சானையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கொல்லைக்குள் வந்த விலங்கைப் பிடித்தது எப்படி வேட்டை ஆகும்? வயதானவரை உள்ளே போட மாட்டார்கள், அம்மா வைத்ததாகச் சொல்லிவிடலாம் என்கிறார் மச்சான். அப்பாவின் பழைய ஏர் கன் ஒன்றும் அலமாரி மேல் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "எங்கள் கொல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலத்துக்குப் பட்டா இருப்பதாக ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அதைப் பிறகு பேசலாம். செவ்வாய்க்கிழமைதான் முதலில் வருகிறது.

அம்மாவை இதில் இழுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்தமாக எழுதினாலும் போதாது. நடக்காததை நடந்ததாக அரசு அதிகாரியிடம் சொல்வது தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம். இன்று கண்ணி ஒரு குற்றம் என்றால், அம்மா பொய் சொன்னதும் அது இரண்டாகும், சொல்லச் சொன்ன உங்கள் இருவரையும் சேர்த்தால் இன்னும் பெருகும். அதிகாரி கேட்கும் முதல் கேள்வியிலேயே பொய் உடைந்துவிடும். பிரேக் கேபிளை எதால் வெட்டினீர்கள், முடிச்சை எப்படிப் போட்டீர்கள், எந்த மரத்தில் கட்டினீர்கள் என்று கேட்டால் 71 வயது அம்மா என்ன பதில் சொல்வார்? வயதானவர் என்பதற்காக வழக்கு எழாமல் போகாது. தண்டனை சொல்லும் கட்டத்தில் வேண்டுமானால் வயதைக் கருதுவார்கள். அதற்குள் அந்த அம்மா நீதிமன்றப் படியேறி, குற்றவாளிக் கூண்டில் நின்று, மலாயில் வாசிக்கும் குற்றச்சாட்டை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டுத் தலையாட்டி முடித்திருப்பார். அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

வாக்குமூலத்துக்குப் போகும்போது உங்களுக்குச் சில உரிமைகள் உண்டு. கைது செய்தால் எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். இரண்டும் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு தருபவை. உங்களையே குற்றத்தில் மாட்டக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் பதில் சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. இந்த இரண்டையும் நம் ஆட்கள் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வழக்குகள் கெட்டுப்போகின்றன. எழுதிய வாக்குமூலத்தை வாசிக்கக் கேளுங்கள். புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். புரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால், கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் பினாங்கில் இருக்கிறது. திங்கட்கிழமை காலையிலேயே அழைத்துப் பேசுங்கள்.

மச்சானும் நீங்களும் தனித்தனி வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. கண்ணி வைத்தவர் அவர், சமைத்து உண்டவர் நீங்கள். இருவர் நலனும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. உறவுக்குள் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், தெரியும். என்றாலும் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கொல்லைக்குள் வந்ததைப் பிடித்தால் எப்படி வேட்டை ஆகும்? 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்கு எங்கே நின்றது என்று கேட்பதில்லை. காட்டில் நின்றாலும் உங்கள் வெண்டைச் செடிக்குக் கீழே நின்றாலும் அது வனவிலங்குதான். காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, சருகுமான், மரநாய், காட்டுக்கோழி எல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளவை. பிடிக்கவோ கொல்லவோ இறைச்சியை வைத்திருக்கவோ உரிமம் வேண்டும். மச்சானிடம் உரிமம் இருந்திருந்தாலும் கண்ணி செல்லாது, ஏனென்றால் சுருக்குக் கண்ணியும் நஞ்சும் சட்டம் தனியாகத் தடுத்த முறைகள். துப்பாக்கிக்காரன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுடுகிறான். கண்ணிக்குக் கண் இல்லை. பன்றிக்கு வைத்ததில் முள்ளம்பன்றி விழுந்தது. நாளை பக்கத்து வீட்டு நாயோ, பந்து தேடி வரும் பிள்ளையின் காலோ விழும். அந்தக் கம்பி இறுகினால் துடிக்கத் துடிக்க இன்னும் இறுகும். தோல் கிழிந்து எலும்பு தெரியும்வரை விடாது. அந்த முள்ளம்பன்றி விடியும்வரை எப்படிக் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு இந்தப் படத்தைத்தான் காட்டும்.

பயிரைக் காக்கச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. விரட்டிப் பார்த்தும் பலிக்காமல், பயிருக்குப் பெரிய சேதம் நடக்கும்போது மட்டும் திறக்கும் குறுகிய கதவு அது. இரவில் கண்ணியைக் கட்டிவிட்டுத் தூங்கப் போனவர் அந்தக் கதவு வழியே நுழைய முடியாது. கறி சமைத்து, காசுக்கும் கொடுத்தவர் கிட்டவே போக முடியாது. உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது அந்த எண்ணெய்ச் செலவுக் காசுதான். வீட்டுத் தேவைக்குப் பிடித்தது என்ற வாதத்தை அது ஓட்டையாக்கிவிடுகிறது.

ஓராங் அஸ்லி என்கிற பழங்குடி மக்கள் பிடிக்கிறார்களே என்று அடுத்து மச்சான் கேட்பார். அவர்களுக்குச் சட்டத்தின் 51ஆம் பிரிவு தனி உரிமை தந்திருக்கிறது. குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் குடும்பத்தின் உணவுக்காகப் பிடிக்கலாம், விற்கக்கூடாது. காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்கான உரிமை அது. நமக்கு இல்லை.

தண்டனை எவ்வளவு என்று கேட்டால், 2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2023 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தபோது தண்டனைகள் பெரிதும் ஏறிவிட்டன. மிகக் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் ரிங்கிட்வரை, சிறை 15 ஆண்டுவரை. முள்ளம்பன்றி அந்த உச்சப் பட்டியலில் இல்லை. ஆனாலும் 200, 300 ரிங்கிட் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கு இல்லை இது. முதல் குற்றம், ஒத்துழைத்தது, பயிர்ச் சேதம் இவற்றையெல்லாம் எழுதி உங்கள் வழக்கறிஞர் துணை அரசு வழக்கறிஞருக்கு மனு கொடுக்கலாம். அந்த மனு கனமாக இருக்க வேண்டுமானால் பன்றி தோண்டிய குழிகளை இன்றே படம் எடுங்கள். பிடுங்கிப் போட்ட மரவள்ளித் தண்டு, குளம்புத் தடம், அம்மா நட்ட வரிசை பாழான விதம் எல்லாம் தேதி தெரியும்படி வேண்டும்.

மீதிக் கண்ணிகள் மண்ணில் இருந்தால் இன்றே சுருக்கை அவிழ்த்துச் செயலிழக்கச் செய்யுங்கள். ஆனால் தூக்கி வாய்க்காலில் எறியாதீர்கள். குளிர்பெட்டியில் கறி மிச்சம் இருந்தாலும் அப்படித்தான், புதைக்காதீர்கள். கைபேசியிலுள்ள படங்களையும் அழிக்காதீர்கள். சான்றை மறைப்பது இன்னொரு குற்றம். வழக்கறிஞர் வழியாக ஒப்படையுங்கள்.

ஏர் கன் பற்றி. அது விளையாட்டுப் பொருள் என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். அப்பாவிடம் உரிமம் இருந்திருந்தாலும் அது அவருடையது, உங்களுக்குச் சொத்தாக இறங்காது. அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போகாதீர்கள், வழியில் பிடித்தால் விளக்கம் சொல்ல முடியாது. வழக்கறிஞரே போலீசிடம் பேசி, அவர்கள் வந்து பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யட்டும். அதுவரை யாரும் தொட வேண்டாம்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். அப்பா பெட்டியில் பாருங்கள். மஞ்சளாகிப் போன பிளாஸ்டிக் உறைக்குள், துருப்பிடித்த குண்டூசியோடு 4A பாரம் ஒன்று இருக்கலாம். அந்தத் தலைமுறை டி.ஓ.எல். என்று சொன்ன, இன்று எல்.பி.எஸ். என்கிற தற்காலிக நில உரிமம். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். வேறொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும். அப்படியென்றால் 2021க்குப் பிறகு அம்மா தண்ணீர் ஊற்றியது அனுமதியில்லாத அரசு நிலத்தில். தேசிய நிலச் சட்டத்தின் 425ஆம் பிரிவில் அரசு நிலத்தில் அனுமதியின்றிப் பயிர் செய்வதும் குற்றமே. உச்சத் தண்டனை 5 லட்சம் ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு சிறை, அல்லது இரண்டும். கத்தரிச் செடிக்காக ஒரு மூதாட்டியைச் சிறையில் தள்ளுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நோட்டீஸ் ஒட்டிவிட்டு ஒரு காலையில் புல்டோசர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது ஆண்டு பாடுபட்டோம், நிலம் எங்களுடையதாகிவிட்டது என்ற வாதம் இந்த நாட்டில் செல்லாது. அனுபவ பாத்தியதை அரசுக்கு எதிராகவும் இல்லை, பட்டா வைத்திருக்கும் தோட்ட நிறுவனத்துக்கு எதிராகவும் இல்லை.

அதனால் மாவட்ட நில அலுவலகத்தில் அந்தத் துண்டு அரசு நிலமா, வாய்க்காலுக்கென்று ஒதுக்கிய நிலமா, தோட்டத்தினுடையதா என்று முதலில் தேடிப் பாருங்கள். அரசு நிலம் என்றால் அம்மா பெயரில் புதிதாக எல்.பி.எஸ். மனு போடுங்கள், அப்பா கட்டிய பழைய ரசீதுகளை இணையுங்கள். வாய்க்காலுக்கு ஒதுக்கிய நிலம் என்றால் வடிகால் துறையின் கருத்தையும் கேட்பார்கள், இழுக்கும். தோட்டத்தினுடையது என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். பழைய மண்டோர் (மேற்பார்வையாளர்) வாய்வார்த்தையாகச் சொன்னது காகிதம் ஆகாது. என் அம்மாவும் தோட்டத்து லயத்துக்குப் (வரிசை வீடுகளுக்குப்) பின்னால் முருங்கையும் பயறும் போட்டுத்தான் எங்களை வளர்த்தார். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) "போட்டுக்கோ" என்றார். தோட்டம் கைமாறியபோது அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை.

பன்றிக்கு என்ன வழி? பெர்ஹிலித்தான் பினாங்கு அலுவலகத்தில் பயிர்ச் சேதப் புகார் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். கூண்டு வைப்பதா, சுடுவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மரவள்ளியைச் சுற்றித் துத்தநாகத் தகட்டை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி அடியுங்கள். பன்றி மூக்கால் தூக்கித்தான் நுழையும், அடி ஆழமாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். விழுந்த பழங்களைக் கிடக்க விடாதீர்கள். வீட்டு மின்சாரத்தை எடுத்துக் கம்பியில் விடும் யோசனையை யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அந்தக் கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், சில வீடுகளில் கட்டியவரின் சொந்தப் பிள்ளைகளே. கவனக்குறைவால் உயிர் போனால் தண்டனைச் சட்டம் 304A பிரிவு, 2 ஆண்டுவரை சிறை.

செவ்வாய்க்கிழமை ஐ.சி.யையும் (அடையாள அட்டையையும்), பயிர்ச் சேதப் படங்களையும், அப்பாவின் 4A பாரம் கிடைத்தால் அதன் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், எதைக் கொடுப்பது என்று அவர் சொல்லட்டும். அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம். அன்று காலையும் அவர் வழக்கம்போல் தண்ணீர் ஊற்றட்டும்.