ஐரோப்பாவுல நாடு தாண்டி நடக்கற பத்திரிகை வேலைக்கு எதிர்காலம் இருக்கா?

இருக்கு, ஆனா ஐரோப்பா முழுக்க ஒரே பேப்பர்ங்கற ரூபத்துல இல்ல. அத ஏற்கனவே ட்ரை பண்ணியாச்சு. 1990ல ராபர்ட் மேக்ஸ்வெல் 'தி யூரோப்பியன்'னு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாரு, 1998ல இழுத்து மூடிட்டாங்க. போர்ச்சுகல்காரனுக்கு அவன் ஊரு நியூஸ் அவன் பாஷையில வேணும், அவ்ளோதான்.

ஓடுறது வேற மாடல். ஒருத்தர் கையில ஆவணம் சிக்குது, அத பூட்டி வெச்சுக்காம பல நாட்டு ரிப்போர்ட்டர்களோட பங்கு போட்டுக்கறாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல அவங்கவங்க பாஷையில போடறாங்க. பணக்காரங்க வெளிநாட்டுல பதுக்குன சொத்து பத்தி கசிஞ்ச பனாமா பேப்பர்ஸ் எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ அதவிட கம்எக்ஸ் கேஸ் தான் பெருசா தோணுது. டிவிடெண்ட் தர்ற நாள ஒட்டி ஷேர மடமடன்னு கைமாத்தி, ஒரு தடவ கட்டுன வரிக்கு ரெண்டு மூணு பேர் ரீஃபண்ட் வாங்கற தில்லுமுல்லு. ஜெர்மனி தலைவலின்னு தான் பேச்சு இருந்துச்சு, 2018ல கரெக்டிவ்ங்கற ஜெர்மன் புலனாய்வு செய்தி அமைப்பு தலைமையில 12 நாட்டுலேர்ந்து 19 மீடியா சேந்து தோண்டுனதுல டென்மார்க், பிரான்ஸ், இத்தாலின்னு நீண்டு, இதே மாதிரி மத்த வேலைகளையும் சேத்து 5,500 கோடி யூரோ நஷ்டம்னு கணக்கு வந்துச்சு. கூத்து என்னன்னா, சுவிஸ்காரங்க கேட்டுக்கிட்டாங்கன்னு ஜெர்மனியில கரெக்டிவ் ஆசிரியர் மேலயே விசாரணை ஆரம்பிச்சாங்க, அப்புறம் கைவிட்டாங்க.

அதே வருஷம் பிப்ரவரியில ஸ்லோவாக்கியாவுல யான் குட்சியாக்னு 27 வயசு ரிப்போர்ட்டர, கட்டிக்கப்போற பொண்ணோட சேத்து வீட்டுலயே சுட்டுக் கொன்னாங்க. அவர் பாதியில விட்ட இத்தாலி மாஃபியா கட்டுரைய கூட வேல பாத்தவங்க பல இடத்துல வெளியிட்டாங்க, ஜனங்க தெருவுக்கு வந்து மார்ச்ல பிரதமரே ராஜினாமா. தனியா வேல பாத்திருந்தா அந்தக் கட்டுரை அவரோட போயிருக்கும்.

எனக்கு சந்தேகம் ரெண்டு விஷயத்துல. ஒண்ணு வழக்கு: மால்டாவுல டாஃப்னி கருவானா கலிசியாங்கற பத்திரிகையாளர் 2017ல கொல்லப்பட்டப்போ அவர் மேல 40க்கு மேல அவதூறு கேஸ் நிலுவையில இருந்துச்சு. 2024ல ஐரோப்பிய யூனியன் இந்த மாதிரி மிரட்டல் வழக்குக்கு எதிரா சட்டம் போட்டுச்சு, ஆனா அது நாடு தாண்டுற சிவில் வழக்குக்கு மட்டும் தான், உள்ளூர்லயே போடற கேஸுக்கும் கிரிமினல் கேஸுக்கும் அந்தந்த நாடு மனசு வெச்சாதான் உண்டு.

இன்னொண்ணு காசு. இந்த வேல பெரும்பாலும் அறக்கட்டளை, கிராண்ட் நம்பித்தான் ஓடுது, 2025ல அமெரிக்க உதவி நின்னதும் ஓசிசிஆர்பி மாதிரி பல நாட்டு ரிப்போர்ட்டர்கள சேத்து ஊழல தோண்டுற பெரிய அமைப்பே ஆள் குறைச்சுச்சு. பெரிய பேப்பருங்க இதுக்குன்னே ஆளுக்கு ரெண்டு பேர சொந்த சம்பளத்துல உக்கார வெச்சா தான் இது நிக்கும்னு நெனைக்கறேன், கிராண்ட் முடிஞ்சதும் டீமக் கலைச்சா அடுத்த கம்எக்ஸ தேட யாரு இருப்பா?