குழுவுக்குள் காதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்து பேர் கொண்ட இசைக்குழுவில் நான் பாடகி. கீபோர்டு வாசிப்பவரும் நானும் காதலிக்கிறோம். மற்றவர்களிடம் சொல்லலாமா? பிரிந்துவிட்டால் குழு என்னாகும்?

பதில்: இந்த வாரமே சொல்லிவிடுங்கள். இருவரும் சேர்ந்தே தாமதமாக வருவதை அவர்கள் ஏற்கெனவே கவனித்திருப்பார்கள். மறைத்தால்தான் மனத்தாங்கல்.

அவர்களுடைய உண்மையான பயம் வேறு. ஐவரில் நீங்கள் இருவரும் எப்போதும் ஒரே பக்கம் என்றால், இன்னும் ஒருவர் தலையாட்டினாலே எல்லாம் முடிந்துபோகும். அதனால் பாட்டுத் தேர்வு, சம்பளம், புது ஆள் சேர்ப்பது எதையும் தனியே பேசி முடிவுகட்டிக்கொண்டு வராதீர்கள். பணமும் ஐந்து பேருக்கும் தனித்தனியாகவே போகட்டும்.

ஒத்திகையில் உங்கள் சுருதி விலகினால் வேறொருவர் சொல்லட்டும். காலையில் சண்டை போட்டவர் சொன்னால் சாதாரணத் திருத்தம்கூடக் குத்தலாகத்தான் கேட்கும். மேடையில் இன்னொரு ஆபத்து: கோபத்தில் இருப்பவர்கள் முகம் பார்ப்பதில்லை. இடையிசை முடிந்ததும் கீபோர்டைப் பார்த்துச் சரணம் எடுப்பது உங்கள் பழக்கமென்றால், அன்றைக்கு ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) பிந்துவீர்கள், அல்லது இருவரும் வேறு வேறு இடத்தில் நுழைவீர்கள். சரண எடுப்பு, கடைசி நிறுத்தம் இரண்டுக்கும் சைகை காட்டும் வேலையை டிரம்மரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரிவுக்கான ஏற்பாட்டை, நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு சொந்தப் பாட்டிலும் மெட்டு யார், வரிகள் யார், யாருக்கு எத்தனை சதவீதம். குழுவின் பெயர், ஒலிப்பதிவுக் கோப்புகள், சேனலின் கடவுச்சொல் யார் பொறுப்பு. ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை இருவரும் முடித்துத் தர வேண்டும் என்பது. பாட்டுகளின் சுருதி, வேகம், கார்டு (chord, சேர்த்து வாசிக்கும் சுரங்கள்) வரிசை தாளில் இருந்தால் மாற்று ஆளை வைத்துச் சமாளிக்கலாம். ஸ்வீடனின் புகழ்பெற்ற பாப் இசைக்குழுவான ஆபாவில் (ABBA) இருந்த இரண்டு தம்பதிகளும் 1980, 1981இல் விவாகரத்து பெற்றார்கள். ஆனாலும் 1982 வரை நால்வரும் சேர்ந்து பாட்டுப் பதிவு செய்தார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒரு ஜோடி பிரிந்துவிட்டது. இருவரும் என்னிடம் வந்து புலம்புகிறார்கள். ஒருவரை நீக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நிகழ்ச்சி இல்லையென்றால் இரண்டு வாரம் ஒத்திகைக்கு விடுமுறை விடுங்கள். பிறகு தாளக் கருவிகளுக்கும் பாடகர்களுக்கும் தனித்தனியாக ஒத்திகை வைத்து, கடைசியில் சேருங்கள். வேலைச் செய்தி எல்லாம் எல்லோரும் இருக்கும் அரட்டைக் குழுவில் மட்டும். நடுவில் தூது போகாதீர்கள். ஆனால் ஒருவர் மற்றவரை மிரட்டுகிறார், பின்தொடர்கிறார் என்றால் இதெல்லாம் பொருந்தாது; மிரட்டுபவரை அன்றைக்கே விலக்குங்கள், அடுத்த நிகழ்ச்சி ரத்தானாலும் பரவாயில்லை.